டாக்டர் ‘ச்சே’ என்றார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. என் அடிவயிற்றிலிருந்து வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், வலது தொடையும் இடுப்பும் சேருகிற இடத்திலிருந்து. மற்றவர்களுக்கெல்லாம் கதை நெஞ்சிலிருந்து வருகிறது, போனால் போகிறதென்று தலையிலிருந்தாவது வருகிறது. எனக்கு வாய்த்தது இதுதான்.

விற்காமல் திரும்பி வந்த என் நாவலின் பிரதிகள் ஒரு பெட்டி நிறைய. பதிப்பாளர் ஆளை விட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். பாதிப் படியில் இடுப்புக்குக் கீழே ஏதோ இடம் மாறியது. கண்ணாடியில் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் வெளியே வந்து எட்டிப் பார்க்கும்.

“உங்க எழுத்துல கனமே இல்லன்னு ஒருத்தர் விமர்சனம் எழுதினாரே, அவருக்கு இதை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க,” என்றாள் என் மனைவி.

குடலிறக்கம். ஆபரேஷன்தான் வழி என்றார்கள். டாக்டர்களுக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுக்கிற பெரிய ஆஸ்பத்திரி அது. முதுகில் ஓர் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு வேறு யாருடையதோ ஆகிவிட்டது. நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். அந்தப் பக்கம் வேலை நடந்தது. இந்தப் பக்கம் நான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல், மிக மெதுவாக, ‘ச்சே’ என்றது.

நான் நிஜமாகக் கேட்டது அதுவும் அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் பேச்சும்தான். மீதியில் பெரும்பகுதி நான் சேர்த்தது. எது எது என்று அவ்வப்போது சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை ஏமாற்றுக்காரன் என்று திட்டக்கூடாது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘அறுவை அரங்கின் வெண்ணிற ஒளி வெள்ளத்தில் அவளது விரல்கள்’

[அடித்துவிட்டேன். ஒளி வெள்ளமாவது ஒன்றாவது. நான் பார்த்தது பச்சைத் துணி. அதில் துவைத்துத் துவைத்து வெளிறிப்போன ஒரு கறை இருந்தது, அதைத்தான் முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

அடுத்து:

‘ஒரு நிபுணர் உருவாவதற்குப் பின்னால் எத்தனை தியாகங்கள் இருக்கின்றன என்பதை’

[இது ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு. அவர்களே எழுதிக்கொள்வார்கள்.]

மூன்றாவது:

‘சின்ன டாக்டருக்கு அன்று காலையிலிருந்தே’

இதுவும் பாதியில் நின்றது. ஆனால் இதில் ‘சின்ன டாக்டர்’ என்ற பேர் கிடைத்தது. நர்ஸ்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சீஃப் என்று எல்லாரும் அழைத்த தலைமை சர்ஜன் ஒருவர் இருந்தார். அவரிடம் பயிற்சியில் கடைசிக் கட்டத்தில் இருந்தவர் இவர். எனக்கு இவரைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறேன். ஆஸ்பத்திரியில் நிஜமாக நடமாடுகிறவர் ‘அவர்’. என் கதைக்குள் வந்துவிட்டால் ‘அவள்’. ஒருவருடைய மனசுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டு மரியாதை விகுதி போட எனக்கு வரவில்லை.

3

கதைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்னப் பாடம். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டினால் பின்னால் சீஃப் ஏன் எதிர்ப்பக்கம் போனார் என்பது புரியாது.

பொது அறுவை மருத்துவர் என்றால் என்ன? நான் ‘எல்லாருக்கும் பொது’ என்று நினைத்திருந்தேன். என் மனைவி, ‘ஸ்பெஷலா ஒண்ணும் தெரியாதவங்க’ என்று நினைத்திருந்தாள். இரண்டுமே தப்பு என்று சொன்னவர் மயக்க மருந்து டாக்டர். திரைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான். வாயாடி. நல்லவேளை, அவர் மட்டும் ஊமையாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம், குடல் அடைப்பு, தைராய்டு, மார்புக் கட்டி, சீழ்க்கட்டி, வண்டியில அடிபட்டு வயிறு கிழிஞ்சு வர்றவங்க. இதயம், மூளை, எலும்புக்கெல்லாம் தனித்தனியா ஆள் இருக்காங்க சார். அவங்க எல்லாரும் ‘இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல’ன்னு கையக் கழுவினதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது இவங்க தலையிலதான்,” என்றார்.

இவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார். டாக்டருக்குப் படித்து முடித்த பிறகுதான் இது ஆரம்பிக்கிறது. முதல் வருஷமெல்லாம் கொக்கி பிடிக்கவேண்டும். வயிற்றைத் திறந்தால் ஓரங்களை விலக்கிப் பிடிக்க வளைந்த இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. நிற்கிற இடத்திலிருந்து உள்ளே ஒன்றும் தெரியாது, சீஃபின் முழங்கைதான் தெரியும். அதற்கப்புறம் நூல் வெட்டுகிற பதவி உயர்வு. நீளமாக வெட்டினாலும் திட்டு, குட்டையாக வெட்டினாலும் திட்டு. பிறகு வயிற்றுக்குள் விடுகிற கேமராவைப் பிடிப்பது. பிறகு கடைசியில் தோலை மூடித் தைப்பது, அதற்குப் பிறகு முதலில் தோலைத் திறப்பது. இரண்டு முனையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி வருகிறார்கள். நடுவில்தான் ஆபரேஷன் இருக்கிறது.

நடுப்பகுதியைச் செய்ய விடும்போதும் ஒரு வழக்கம் உண்டு. சீஃபுக்குத் திருப்தியில்லை என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டார். உள்ளங்கையை விரித்து நீட்டுவார். கையில் இருக்கிற கருவியை அதில் வைத்துவிடவேண்டும். அன்றைக்கு அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவும் கூடாது.

(ஓரக்குறிப்பு: எங்கள் தொழிலில் இந்த வசதி இல்லை. நான் மோசமாக எழுதிக்கொண்டிருக்கும்போது யாரும் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொள்வதில்லை. வாங்கியிருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கவேண்டி வந்திருக்காது.)

வீட்டிலும் பயிற்சி நிற்பதில்லையாம். முடிச்சுப் போடப் பழகவேண்டும், ஒற்றைக் கையால், பார்க்காமல். சின்ன டாக்டர் வீட்டில் நாற்காலிக் கைப்பிடி, பால் குவளையின் காது, ஜன்னல் கம்பி என்று எங்கே பார்த்தாலும் கறுப்பு நூல் தொங்குகிறது. டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கணவனின் சட்டைப் பொத்தான் துவாரத்தில் வரிசையாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போவாள். அவன் எழுந்தால் நாற்காலியும் கூட வரும்.

[கணவன் என் கற்பனை. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒருமுறை இவனை நீக்கிப் பார்த்தேன், ரொம்ப நல்லவனாக இருக்கிறான் என்று. நீக்கினால் வீட்டில் பேச ஆள் இல்லாமல் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தாள். கதையில் யாராவது சுவரைப் பார்த்து யோசித்தால் எனக்கு எரிச்சல் வரும். திரும்பக் கூட்டி வந்துவிட்டேன்.]

4

இனி தியேட்டர்.

மேஜையின் வலது பக்கம் சீஃப் நின்றார், இடது பக்கம் சின்ன டாக்டர். என் வீக்கம் வலது பக்கம். ஆபரேஷன் செய்கிறவர் வீக்கம் இருக்கிற பக்கம் நிற்பார். உதவி செய்கிறவர் எதிரே. அன்றைக்கு யார் டாக்டர், யார் மாணவர் என்று பார்க்க வேறு எந்தச் சான்றிதழும் வேண்டாம், இந்தப் பக்கக் கணக்கே போதும்.

தோலைத் திறந்தாயிற்று. கொழுப்பை விலக்கியாயிற்று. சீஃப் கையை எடுத்தார்.

“இந்தப் பக்கம் வா,” என்றார்.

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. நூல் வெட்டச் சொல்கிறாரோ என்று பார்த்தாள். அவர் அதற்குள் மேஜையின் கால்பக்கம் நகர்ந்துவிட்டார். கைகளை நெஞ்சருகே கோத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி கடந்துபோனார்கள். சுத்தம் செய்த முன்பக்கம் எதன்மேலும் படக்கூடாது என்பதற்காக அப்படித்தான் கடக்கவேண்டும். அவளுடைய இத்தனை வருஷப் படிப்பில் மிகப் பெரிய நகர்வு, இரண்டு முதுகுகள் உரசாமல் போவதில் முடிந்துவிட்டது.

“இன்னைக்கு அவங்களுக்குப் பெரிய நாள் சார்,” என்று மயக்க டாக்டர் என் காதருகே குனிந்தார். “அடுத்த மாசம் தனி லிஸ்ட் குடுக்கலாமா வேணாமான்னு சீஃப் முடிவு பண்ணணும். தனி லிஸ்ட்டுன்னா, அவங்க பேர்ல மேஜை, அவங்களே முடிவு, பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்க. போன தடவை குடுக்கல. கூடப் படிச்சவங்க எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. இந்தத் தடவை நீங்கதான் பரீட்சைத் தாள்.”

நான் எத்தனையோ இடத்தில் எத்தனையோ விதமாக அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறேன். பரீட்சைத் தாள் என்று யாரும் சொன்னதில்லை.

“தப்பாயிட்டா?” என்றேன்.

“எங்க சீஃப் ஒரு டைப் சார். தப்பு பண்ணிட்டு வந்து சொன்னா கத்துவாரு. கூரை பறந்துடும். அப்புறம் சொல்லிக் குடுப்பாரு. சொல்லாம மறைச்சு, அவரா கண்டுபிடிச்சா கத்தவே மாட்டாரு. எதிர்ப்பக்கம் போய் நிக்கவும் மாட்டாரு. அத்தோட கதை முடிஞ்சது.”

அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. பக்கத்துத் தியேட்டரில் யாருக்கோ ரத்தம் நிற்கவில்லை. சீஃப் கையுறையைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

“தகட்டைத் திற. கீழயே நரம்பு ஒட்டிட்டு இருக்கும், பாத்து. சிஸ்டர் கொக்கி பிடிப்பாங்க. அவசரப்படாத,” என்றார்.

“சரி சார்.”

(இந்த இடத்தில் சீஃப் போகிற மாதிரிப் போய்க் கதவுக் கண்ணாடி வழியாக ரகசியமாகப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எழுதினால் ரொம்பப் பேருக்குப் பிடிக்கும். எழுதமாட்டேன். பக்கத்து அறையில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார். சீஃப் ஓடித்தான் போனார்.)

சின்ன டாக்டர் தனியாக நின்றாள். சிஸ்டர் எதிரே கொக்கியைப் பிடித்துக்கொண்டார். காயத்தின் அடியில் பளபளவென்று வெள்ளைத் தகடு, தசையின் மேலே போர்த்திய விரிப்பு. அதன் இழை ஓடுகிற திசையிலேயே கத்தரிக்கவேண்டும். உள்பக்கம் அந்த நரம்பு, நனைந்த தையல் நூல் கனத்தில். சிலருக்குத் தகட்டோடு ஒட்டியே கிடக்கும். முதலில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, கத்தரிக்கோலை மூடியபடியே உள்ளே விட்டு, ஒட்டியிருப்பதைத் தள்ளி இறக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் திறந்து வெட்டவேண்டும். அவளுக்குத் தெரியும். சீஃப் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஓட்டை போட்டாள். மூடிய கத்தரிக்கோலை விட்டாள். தள்ளினாள். கத்தரிக்கோலைத் திறந்து, நுனியைக் கொஞ்சம் தூக்கி, வெட்ட

[நிறுத்திவிட்டேன். இதற்குமேல் எனக்குத் தெரியாது.]

“ச்சே.”

“என்ன டாக்டர்?” இது சிஸ்டர்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர். விளக்கை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க.”

என் தலைமாட்டில் இருந்த மெஷின் பீப் பீப் என்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது, சட்டென்று வேகம் பிடித்தது. என் இதயம்தான்.

“பயப்படாதீங்க சார்.”

“பயமெல்லாம் இல்ல. என்ன ஆச்சுன்னு எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன்.”

“டென்ஷன் ஆவுறீங்க. கொஞ்சம் தூங்குங்க.” என் கையில் இருந்த குழாயில் அவர் எதையோ ஏற்றினார்.

“வேண்டாம், நான் கேக்கணும்...”

கதவு திறந்தது. செருப்புச் சத்தம். சீஃப்.

“என்னம்மா, எல்லாம் சரியா இருக்கா?”

“சார்...” என்றாள் சின்ன டாக்டர்.

அதற்கு மேல் நான் தூங்கிப்போனேன். வாழ்க்கையிலேயே அடுத்த வாக்கியம் என்ன என்று இவ்வளவு ஆவலாகக் காத்திருந்தது கிடையாது, அப்போது பார்த்து மனுஷன் என்னை அணைத்துவிட்டார்.

5

‘ச்சே’ என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். மூக்கு அரித்திருக்கலாம், கையுறை போட்டால் சொறிய முடியாது. வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்திருக்கலாம். இப்படியே விட்டிருந்தால் கதை ஒரு நகைச்சுவைத் துணுக்காக முடிந்து, நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, முதல்முறை குளிக்கலாம் என்று அனுமதி கிடைத்த அன்று, துண்டால் துடைக்கும்போது தெரிந்தது. தழும்புக்குக் கீழே, தொடையின் உள்பக்கமாக, உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம். துண்டு படுகிறது என்று கண் சொன்னது. தோல் ஒன்றும் சொல்லவில்லை. கிள்ளிப் பார்த்தேன். வேறு யாரையோ கிள்ளின மாதிரி இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் கிள்ளினாள், தேவைக்கு மேலேயே.

“வலிக்குதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்லன்னு சொல்றேன்ல.”

“அடடா, இதே மாதிரி வேற எங்கயாவது ரெண்டு மூணு இடத்துல பண்ணி அனுப்பியிருக்கலாம்,” என்றாள்.

இதைப் பற்றித் தேடிப் படித்துப் பார்த்தேன். அந்த நூல் கன நரம்பு அறுந்தால் இப்படித்தான் ஆகுமாம். இதனால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. சில சர்ஜன்கள் பின்னால் வலி வராமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே அதை எடுத்துவிடுவார்களாம். ஆனால் நம் சீஃப் அந்தக் கட்சி இல்லை. ‘நரம்பு, பாத்து’ என்று சொல்லிவிட்டுப் போனதை நான் காதால் கேட்டேன்.

எனக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை என்பதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நடக்கிறேன், உட்காருகிறேன், எழுதுகிறேன். கேஸ் போடு என்று ஆலோசனை சொன்ன நண்பருக்கு இரண்டு கதை எழுதுகிற நேரம் மிச்சமாகட்டும் என்று பதில் சொன்னேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ‘சார்...’ என்பதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார்? கையில் நடந்த பிசகு யாருக்கும் நடக்கும். வாயால் அதற்கு அப்புறம் என்ன செய்தார் என்பதில்தான் அந்தப் பெண் எப்படிப்பட்ட டாக்டர் என்பது இருக்கிறது. தனி லிஸ்ட்டும் அதில்தான் இருக்கிறது.

6

சொன்னாள் என்று வைத்துக்கொண்டு ஒன்று எழுதினேன்.

“சார், நரம்பு போச்சு. நான்தான் வெட்டிட்டேன்.”

சீஃப் குனிந்து பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். “கண்ணு எங்க இருந்துச்சு? போறப்ப சொல்லிட்டுத்தானே போனேன்! தமிழ்லதானே சொன்னேன்? நுனியைத் தூக்கினா கூடவே நரம்பும் வரும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அடியில ஒட்டினது முழுசா இறங்கிச்சான்னு பாத்தியா?”

“பாக்கல சார். இறங்கிடுச்சுன்னு நெனச்சேன்.”

“நெனச்சியா! நெனக்கிறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?”

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். மயக்க டாக்டர் என் இமையைத் தூக்கிப் பார்த்து, நல்லவேளை தூங்குகிறான் என்று உறுதி செய்துகொண்டார். சின்ன டாக்டர் சீஃபின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அது விரியும், நீளும், கத்தரிக்கோலை வைக்கவேண்டும். நீளவில்லை.

“முனையைத் தசைக்குள்ள புதைச்சுடு. மேல போ,” என்றார்.

[படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது. உண்மையைச் சொன்னவளுக்கு உடனே பரிசு. இந்த உலகத்தில் எங்கே நடக்கிறது இது? லிஸ்ட் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். கொஞ்சம் நம்பும்படி ஆனது.]

பிறகு மற்றதை எழுதினேன்.

“சார்... எல்லாம் சரியா இருக்கு சார்.”

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து அவள் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. போன தடவை லிஸ்ட் கிடைக்காதபோது சீஃப் சொன்னது ‘இன்னும் கொஞ்சம் போகட்டும்’ என்ற மூன்றே வார்த்தை. இன்னொரு முறை அதைக் கேட்க அவளால் முடியாது. சீஃப் தலையாட்டினார். குடல் மறுபடி இறங்காமல் தடுக்கிற வலைத்துணியை வைத்துத் தைத்தாள். தகட்டை மூடினாள். தோலை மூடினாள். அத்தனை அடுக்குக்குக் கீழே இனி யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை. “சுத்தமான வேலை,” என்றார் சீஃப்.

வீட்டில் கணவன் சட்டையை நீவிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான்.

“என்ன, இன்னைக்கு என் சட்டை தப்பிச்சுதா?”

“சோர்வா இருக்கு.”

“ஆபரேஷன்?”

“நல்லாப் போச்சு. சுத்தமான வேலைன்னாரு.”

“அப்ப லிஸ்ட்டு?”

“கிடைச்சுடும்னு நெனக்கிறேன்.”

அவன் சந்தோஷத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் உலுக்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாராவாரம் அந்த டிபார்ட்மெண்டில் ஒரு கூட்டம் உண்டு. அந்த வாரம் தவறிப்போனதையெல்லாம், செய்தவரே எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். ‘ரத்தம் கசிந்தது’ என்று சொன்னால் சீஃப் ஒத்துக்கொள்ளமாட்டார். ‘நான் சரியாகக் கட்டவில்லை’ என்று சொல்லவேண்டும். அந்த வாரம் இரண்டு பேர் எழுந்தார்கள். அவள் உட்கார்ந்திருந்தாள்.

(ஓரக்குறிப்பு: இப்படி ஒரு கூட்டம் நிஜமாகவே எல்லாப் பயிற்சி ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது என்று மயக்க டாக்டர் சொன்னார். எழுத்தாளர்களுக்கு இது கிடையாது. எங்கள் கூட்டங்களில் அடுத்தவர் தப்பை மட்டும் சொல்வோம்.)

[குற்ற உணர்ச்சி கிடைத்தால் எழுத்தாளனுக்குக் கொண்டாட்டம், பக்கம் பக்கமாகப் போகும். ஆனால் நிஜத்தில் பொய் சொன்ன பலரும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறார்கள். அவளும் தூங்கியிருப்பாள். எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இதற்குள் எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.]

7

இரண்டையும் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே படித்தாள்.

“எது நல்லா இருக்கு?”

“அந்த வீட்டுக்காரர் நல்லா இருக்காரு. சட்டையக் குடுத்துட்டு சும்மா உக்காந்திருக்காரு பாருங்க.”

“கதையைக் கேட்டேன்.”

“ஏங்க, அந்தப் பொண்ணு பாவம். ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் தப்பு பண்றாங்க, யாரும் கதை எழுதல. அவ வாய்தவறி ஒரு ‘ச்சே’ சொல்லிட்டா, நீங்க பேனாவத் தூக்கிட்டு வந்துட்டீங்க.” கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “செக்கப்புக்குப் போகணும்ல? அவங்களையே கேட்டுடுங்க.”

“கேட்டா கதை போயிடும்.”

“போகட்டுமே.”

“அதுவும் இல்லாம, சீஃப் பக்கத்துல இருந்தா? அவர் முன்னாடி ‘அன்னைக்கு ஏன் ச்சே சொன்னீங்க’ன்னு கேட்டு, மறைச்சு வச்சது வெளிய வந்துட்டா, நானே அந்தப் பொண்ணு பொழப்பக் கெடுத்த மாதிரி ஆயிடும்.”

“அப்ப வாய மூடிட்டு வாங்க. உங்களால முடியுமான்னு தெரியல, முயற்சி பண்ணுங்க,” என்றாள்.

8

இனி வருவதில் என் கற்பனை எதுவும் இல்லை. இது நடந்தது. நடந்துகொண்டிருக்கிறது என்றே எழுதிக்கொள்கிறேன், காரணம் போகப்போகத் தெரியும்.

வெளிநோயாளிகள் பிரிவில் ஒரு அறை. இரண்டு மேஜை, சுவரோரம் ஒரு கட்டில், அதற்கு ஒரு திரை. மனைவியை வெளியிலேயே உட்காரச் சொல்லிவிட்டேன். உள்ளே வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவாள். ஒரு மேஜையில் சீஃப் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். இன்னொன்றில் ஒரு பெண். “வாங்க சார், உக்காருங்க,” என்றதும் குரலை வைத்து அடையாளம் தெரிந்துவிட்டது. நான் ஒல்லியாக எழுதியிருந்தேன். இவர் நல்ல பூசினாற்போல் இருக்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறார், மேஜை இழுப்பறைப் பிடியில் கறுப்பு நூல் எதுவும் தொங்கவில்லை.

“உன் கேஸ்தானே? நீயே பாரு,” என்கிறார் சீஃப், தலையைத் தூக்காமல். “முடிச்சுட்டு என் ரூமுக்கு வா. லிஸ்ட் விஷயம் பேசணும்.”

“சரி சார்.”

ஆக, இன்னும் முடிவாகவில்லை. சின்ன டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டிலில் படுக்கச் சொல்கிறார். திரையை முழுதாக இழுக்கவில்லை. நர்ஸ் ஒருவர் உள்ளே நிற்கிறார், சீஃபின் மேஜை இரண்டு அடி தள்ளி. அங்கே பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது என்றால் இங்கே பேசுவது அவருக்கும் கேட்கும்.

தழும்பைப் பார்க்கிறார். இருமச் சொல்கிறார். இருமுகிறேன். எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

“வலி?”

“இல்லீங்க.”

“வீக்கம்?”

“இல்ல.”

“எங்கயாவது மரத்துப்போன மாதிரி, உணர்ச்சி இல்லாத மாதிரி இருக்கா?”

பக்கத்து மேஜையில் பேனா நிற்கிறது.

எத்தனை நாள் இந்தப் பெண்ணோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவள் வீட்டு நாற்காலி எனக்குத் தெரியும், அவள் கணவன் சட்டை தெரியும். காட்டிக்கொடுக்க மனசு வருமா? வரவில்லை.

“இல்லீங்க டாக்டர்,” என்கிறேன். “எல்லாம் நல்லா இருக்கு.”

பேனா மறுபடி ஓடுகிறது. அப்பாடா என்று எழுந்திருக்கப் போகிறேன்.

“ஒரு நிமிஷம் சார்.” அவர் தட்டிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து, நுனியைத் திரிபோல் மெல்லிசாக இழுக்கிறார். “கண்ண மூடிக்கோங்க. நான் இதால தொடுவேன். தொடறது தெரிஞ்சா ‘ம்’னு சொல்லுங்க. தெரியலன்னா சும்மா இருங்க.”

கண்ணை மூடுகிறேன். வேறு என்ன செய்வது.

தொப்புளுக்குப் பக்கத்தில். “ம்.”

இடது தொடையில். “ம்.”

தழும்புக்கு மேலே. “ம்.”

பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால், இரண்டில் ஒன்று. பஞ்சு அந்த உள்ளங்கை அளவு இடத்தில் பட்டுக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அல்லது அவர் அந்த இடத்தைத் தொடாமல் தாண்டி, கையை எடுத்துவிட்டு, நான் ‘ம்’ என்று ஒரு பொய்யை வீணாகச் சொல்கிறேனா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அங்கே தொடுகிறார் என்றால் இவர் அன்றைக்கே சொல்லிவிட்டவர். சீஃப் காதுபட, தன் தப்பு எவ்வளவு பெரிசு என்று அளந்துகொண்டிருக்கிறார். அவருக்கு என் பொய் தேவையே இல்லை, சொன்னால் கெடுதல். தொடவில்லை என்றால் மறைத்தவர். என் பொய் தேவைப்படுகிறவர் அவர்தான், ஆனால் தொடாத இடத்துக்கு ‘ம்’ சொன்னால் அவருக்கு நான் என்ன உதவி செய்ததாகும்? இவ்வளவு நாள் யோசித்து நான் வைத்திருந்த கருணைக்கு இந்தக் கட்டிலில் போக இடமே இல்லை.

பேனா மறுபடியும் நின்றுவிட்டது. நாற்காலி நகர்கிறது. சீஃப் எழுந்து வருகிறார் என்று நினைக்கிறேன்.

“சார்?” என்கிறார் சின்ன டாக்டர். யாரை என்று தெரியவில்லை.

கண்ணைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் நேர்மையாக மூடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கண் திறந்துதான் இருக்கிறது, ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிறீர்கள், இந்தப் பெண்ணை எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். பஞ்சு எங்கே இருக்கிறது? கொஞ்சம் சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்கள், நான் வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டும்.